யாருக்கு வலிக்குது?

கண்காணி அக்காவை நினைத்தால் முதலில் ஒரு குடைதான் கண்ணுக்கு வருகிறது. ஆடி மாதச் சாரலில், எஸ்டேட் மருந்தகத்தின் வாசலில் அவர் நனைந்துகொண்டு நிற்கிறார். கையிலிருக்கும் குடை பக்கத்தில் நிற்கும் பெண்ணின் தலைக்கு மேல் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். ஜார்க்கண்டிலிருந்து ஏலக்காய் எடுக்க வந்தவள். வயிற்றில் நாலு மாதம்.

அப்போது போடிமெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்குள் இருந்த ஒரு ஏலத்தோட்டத்தில் நான் நர்ஸ். தினமும் காலையில் போடியிலிருந்து தொழிலாளர்களோடு ஜீப்பில் மலையேறுவேன். அவர்களை வேலை வாங்கும் கண்காணியாக இருந்தவர் அக்கா. படு கறார். தன் ஆட்களில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அன்றைக்கு அந்த ஆளோடு ஒருவரும் பேசக்கூடாது என்று சொல்லிவிடுவார். சொந்த மகள் பக்கத்துத் தெருவுக்குப் புறப்பட்டாலும் யார் வீட்டுக்கு, எப்போது வருவாய் என்று கேட்டுத்தான் அனுப்புவார். அதனால்தான் அந்தப் பெண் விஷயத்தில் அவர் செய்தது எனக்குப் பிடிபடவில்லை.

அவளும் அவளோடு வந்த இளைஞனும் கல்யாணம் செய்துகொள்ளாமல், தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் இருந்தார்கள். கழுத்தில் தாலி இல்லை, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கே தங்கியிருந்த நம் ஊர்ப் பெண்கள் அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் விடவில்லை. இரண்டு பேரையும் வெளியேற்றச் சொல்லி மேனேஜரிடம் போனார்கள். கண்காணியே விசாரிக்கட்டும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அக்கா அந்த இளைஞனை வெளியே அனுப்பிவிட்டு அவளை என் அறையில் உட்காரவைத்தார். தமிழ் பழகியிருந்த அவள் ஊர்க்காரி ஒருத்தி கேள்வியையும் பதிலையும் மாற்றிச் சொன்னாள். தாலியைப் பற்றி அக்கா வாயே திறக்கவில்லை. நீ இஷ்டப்பட்டுத்தான் வந்தாயா, அவன் கை நீட்டுவானா, ஊருக்குப் போக வேண்டும் என்றால் விடுவானா என்று மட்டும் கேட்டார். அவள் பயமில்லாமல் பதில் சொன்னாள். தங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் ஊருக்கே விருந்து வைக்க வேண்டுமாம். வசதியில்லாதவர்கள் முதலில் சேர்ந்து வாழ்வார்களாம், விருந்தைப் பிறகு வைப்பார்களாம். தன் அம்மாவுக்கும் சம்மதம்தான் என்றாள். அக்கா எழுந்து போய், அறை அவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். மறுநாள் குழாயடியில் தானே நின்று அவள் குடத்தை நிரப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் அவளைத் தடுக்கவில்லை.

எனக்கு அது ஒப்பவில்லை. இறங்கும்போது ஜீப்பில் கேட்டேவிட்டேன், ஊருக்கு ஊர் ஞாயம் மாறும் என்றால் அப்புறம் எதைத்தான் தப்பென்று சொல்வது என்று. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அது அவுக வழக்கம் சிஸ்டர். அதுல யாருக்கு வலிக்குது?" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் தம்பி மனைவி வீங்கிய கையோடு என்னிடம் வந்தாள். ஈரத்தில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அப்படி அவள் விழுவது அது மூன்றாவது முறை. இது விழுந்த வீக்கமில்லை என்று அன்றைக்கு அக்காவிடம் சொன்னேன். "மொதத் தடவையே எனக்குத் தெரியும். தம்பியாச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

தம்பி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தான். அவன் மனைவியையும் என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா நேராக அங்கே போனார். ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இவளை அடித்தாயா என்று அக்கா கேட்டதும் அவன் மறுக்கவில்லை.

"நம்மப்பா நம்ம ஆத்தாள அடிக்கலையா? நம்ம வீட்டு வழக்கம்தானக்கா. எங்கிருந்தோ வந்தவளுக்கு வழக்கம்னு விட்டுட்ட. எனக்கு மட்டும் வேற ஞாயமா?"

நான் ஜீப்பில் கேட்ட அதே கேள்விதான். அக்கா அவனுக்குப் பதில் சொல்லாமல் அவன் மனைவி பக்கம் திரும்பினார். அவளோ தலையைக் குனிந்துகொண்டு, "விடுங்க மதினி. எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்" என்றாள்.

அக்கா இதை எதிர்பார்க்கவில்லை. வலிப்பவளே வலிக்கவில்லை என்றால் என்ன செய்வது? உள்ளே அடுப்பின் அனலில் எல்லோர் முகமும் வேர்த்திருந்தது. அக்கா அவள் பக்கத்தில் போய், ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு ஒம் மக இப்படிக் கை வீங்கி வந்து நின்னா, எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்னு சொல்லித் திருப்பி அனுப்புவியாத்தா?"

அவள் வீங்காத கையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். நாளையிலிருந்து என் ஜீப்பில் ஏறாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, அவளை அன்றைக்கே போடியில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார் அக்கா. அவள் மகளும் பள்ளிக்கூடப் பையோடு அங்கே வந்து சேர்ந்தாள்.

இப்போது நான் போடியிலேயே ஒரு மருத்துவமனையில் இருக்கிறேன். அக்கா மூட்டுவலியால் மலையேறுவதை விட்டுவிட்டார். தம்பி மனைவி ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். ஒருமுறை தம்பி வந்து அவளை அனுப்பச் சொல்லிக் கேட்டானாம். எங்கிட்ட எதுக்குக் கேக்குற, அவகிட்டக் கேளு என்றாராம் அக்கா. அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நல்லது கெட்டது உலகத்துக்கெல்லாம் ஒன்றா, ஊருக்கு ஊர் வேறா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்லத் தெரியாது. ஆனால், யாராவது வழக்கம் என்று சொன்னால் சொல்பவரை விட்டுவிட்டு, பக்கத்தில் பேசாமல் நிற்பவரைப் பார்க்கப் பழகியிருக்கிறேன்.

அக்கா இதற்குக் கொடுத்த விலை போன தை மாதம் அவர் மகள் கல்யாணத்தில்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணையில் உட்காரமாட்டாள். தம்பி வரவில்லை. அவனை ஒதுக்கிவிட்டு என்ன கல்யாணம் என்று சொந்தக்காரர்கள் பலர் சாப்பிடாமலே எழுந்து போனார்கள். அக்காவின் கண் கலங்கியிருந்தது. மாலையை எடுத்துத் தம்பி மனைவியின் கையில் கொடுத்தார். மண்டபம் முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவள் தயங்கி நின்றாள்.

மணப்பெண் அவள் முன்னால் வந்து தலையைக் குனிந்து, "போடுங்க அத்தை" என்றாள்.