சாச்சா வருவதற்கு எடுத்து வைத்த பஸ் காசு

உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாத ஒரு மனுசனுக்கு இந்த வருஷம் ஐம்பத்தைந்து வயது. அவர் என் சாச்சா. பெயர் ஜெமீல், ஆமியில் கோப்பிரல். நான் பிறந்த வருஷம் வன்னிச் சண்டையில் காணாமல் போனார். ஆளும் வரவில்லை, மையத்தும் வரவில்லை. சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் வந்தது. மற்றவர்களுக்குக் கூடும்போதெல்லாம் அவருக்கும் கூடியது. ஆமிக் கடதாசியில் அவர் நல்ல பிள்ளையாக வருஷத்துக்கு ஒரு வயது ஏறி ஏறி, வருகிற ஜூனில் ஓய்வுபெறப் போகிறார்.

அவரைப் படத்தில் தவிர நான் பார்த்ததே இல்லை. நான் சொல்ல வந்தது அவர் பெண்சாதி ஸுல்பிகாவைப் பற்றி. என் உம்மாவின் தங்கச்சி, எனக்குச் சாச்சி. எங்கள் கல்முனைப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பதால் உம்மாவும் சாச்சியும் ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு. நடுவில் வேலி இல்லை. அதனால் எங்கள் வீட்டில் கறி சரியில்லாத நாளில் நான் சாச்சியின் மகள்.

சாச்சி சாறனும் படுக்கை விரிப்பும் விற்கிறவர். ஸ்கூட்டியின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் ஹபாயாவும் ஹெல்மெட்டுமாகச் சாச்சி. காரைதீவு வரைக்கும் வீட்டுக்கு வீடு போவார். அங்கே வல்லியம்மை அக்கா என்று ஒரு வாடிக்கை. "உங்கட அவர் இப்ப எந்த ஆமிக் காம்பில?" என்று அந்த அக்கா கேட்டால் சாச்சி, "கொஞ்சம் தூரத்தில" என்று சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை உதறிக் காட்டுவார். பக்கத்தில் நின்று இதைக் கேட்டவள் நான். பொய் சொல்கிற முகமே இல்லை.

ஜனவரிச் சம்பளம் வந்ததும் சாச்சி பாயை விரிப்பார். வருஷத் திட்டம். இது சாச்சா பழக்கியதாம். லீவில் வந்தால் காசைப் பாயில் பரப்பி, இது அரிசிக்கு, இது பிள்ளைக்கு, இது பெருநாளைக்கு என்று பிரித்துவிட்டு, கடைசியாகத் தான் காம்புக்குத் திரும்பிப் போக பஸ் காசை எடுத்துப் பொக்கற்றில் வைப்பாராம். சாச்சி இன்றைக்கும் அதே வரிசையில்தான் பிரிக்கிறார். அந்தக் கடைசிப் பங்கும் உண்டு. ஆனால் அது இப்போது போகிற காசு இல்லை, வருகிற காசு. அவர் கடைசியாக நின்ற வவுனியாவிலிருந்து கல்முனைக்கு ஓர் ஆள் வர என்ன டிக்கட்டோ அது, வழியில் ஒரு தேத்தண்ணி, ஒரு சோற்றுப் பார்சல். மாதாமாதம் ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் போகும்.

டீசல் விலை தாறுமாறாக ஏறி, பஸ்காரர் டிக்கட்டை ஏற்றின வருஷம் ஒன்று வந்ததே, நாங்கள் எல்லாரும் ஒரு நேரம் சோறு, ஒரு நேரம் பாண் என்று கிடந்த வருஷம். அப்போதும் சாச்சி அந்தப் பங்கைக் குறைக்கவில்லை. ஏற்றினார்.

"காசு காணாதெண்டு மனுசன நடுவழியில இறக்கி விட்டானுகளெண்டா?"

"அப்ப இந்தக் காச அவருக்கு எப்பிடி அனுப்..." என்று தொடங்கினேன். சாச்சியின் ஒரே மகள், என்னைவிட மூத்த றுக்ஸானா ராத்தா என் காலை மிதித்தாள். வாயை மூடினேன். என் சரித்திரத்தில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

இந்த ஜனவரியில் அம்பாறையில் படைக் குடும்பங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். புதுவருஷத்தில் காசை எப்படித் திட்டமிடுவது என்று. சாச்சிக்கும் அழைப்பு வந்தது. வகுப்பு சிங்களத்தில். சாச்சிக்குத் தெரிந்தது சாறன் விற்கிற சிங்களம். நான் ஓ.எல். சோதினையில் கணக்கில் கவிழ்ந்து வீட்டில் இருப்பவள் என்றாலும், பஸ் கொண்டக்டர்மாரோடு சண்டை பிடித்துச் சிங்களத்தில் வாய் திருந்தியவள். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார்.

"பெரிய செலவு செய்ய முதல் குடும்பத்தோடு கலந்து பேசுங்கள்" என்றார் படிப்பித்த மிஸ்.

"கூட வந்த புள்ளைக்கு அடிக்கடி புரியாணி வாங்கிக் குடுக்கட்டாம், சாச்சி."

"அப்பிடியா சொன்னா?"

"சிங்களத்தில அது நீட்டுக்குத்தான் வரும்."

தொடையில் கிள்ளினார். நல்ல மனநிலையில் இருந்தார் என்று அர்த்தம்.

பிறகு மிஸ் ஒவ்வொரு பொம்பிளையையும் எழுப்பி, கணவர் ஓய்வுபெற்று வந்து என்ன செய்வார் என்று கேட்டார். ஒருத்தி ஓட்டோ என்றாள். ஒருத்தி கோழிப் பண்ணை. ஒருத்தி "குடிப்பார்" என்றாள், மண்டபமே சிரித்தது. எங்கள் முறை வந்தது. மிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "உங்களுக்கு இந்த ஜூன் மாதமே! என்ன யோசனை?"

நான் தமிழில் சொன்னேன். அவர் இல்லை, காணாமல் போனவர் என்று சாச்சி சொல்லிவிட்டால் நல்லது என்று காத்திருந்தேன்.

சாச்சி முக்காட்டைச் சரிசெய்தார். "நானும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கன். வந்தோடன கேட்டுச் சொல்றன் எண்டு சொல்லு."

"சாச்சி..."

"சொல்லு புள்ள, மிஸ் பாத்துக்கிட்டு நிக்கிறா."

சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மிஸ்ஸுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. புருசனும் பெண்சாதியும் இப்படித்தான் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று எல்லாரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். சாச்சி புதுப்பொம்பிளை மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தார். எங்களுக்குப் பின்னால் இருந்த வெறுங்கதிரையில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி எனக்கு இருந்தது. திரும்பிப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் ஆமிக் கந்தோரில் சம்பளம் பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவர் சாச்சியைக் கூப்பிட்டு, மெதுவாக, மரியாதையாகவே சொன்னார். ஜூனோடு சம்பளம் முடிகிறது. அதன்பிறகு பென்ஷன். ஆனால் அதற்கு விதவை என்று கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவு காலமும் சாச்சி மனைவி என்றுதான் போட்டுவந்தார்.

பஸ் ஏறினோம். சம்மாந்துறை தாண்டி வயல் முடிகிற இடத்தில் சாச்சி கேட்டார்.

"இதுவரைக்கும் அவர் ஆமியில இருந்தார். ஜூனுக்குப் பிறகு எங்க நிப்பாரு?"



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய பாய் விரிந்தது. அடுத்த வளவில் ராத்தாவுக்கென்று கட்டுகிற வீடு சுவரோடு நிற்கிறது. கூரை போட்டால்தான் கலியாணம். அவளே கதையைத் தொடங்கினாள்.

"உம்மா, ஒரு கையெழுத்துத்தானே? வாப்பா வந்தா வந்துட்டாரெண்டு எழுதிக் குடுப்பம். இப்ப பென்ஷனும் இல்லாம என்ன செய்ற?"

"கையெழுத்துப் போட்டு மனுசன மவுத்தாக்கிட்டு, அடுத்த நாள் ஸ்கூட்டியில சாறன் விக்கப் போறதா? ஆமிக்கு முன்னால விதவ, அல்லாஹ்வுக்கு முன்னால பெண்சாதியா நான்?" சாச்சி கோபப்படவில்லை. விலை சொல்கிற குரலில் சொன்னார். "போட்டா இத்தா இருப்பன். இருக்கேலாட்டி, போடவும் மாட்டன்."

இத்தா என்றால் புருசன் மவுத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அந்நிய ஆம்பிளைகளின் கண்ணில் படாமல், வீட்டோடு இருப்பது. ஸ்கூட்டி நிற்கும். சாறன் நிற்கும். கந்தோரில் இதை யாரும் கேட்கவில்லை. சாச்சிதான் தன்னிடம் தானே கேட்டுக்கொண்டார். இந்த வருஷத் திட்டத்தில் புதுசாக ஒரு குவியல் தேவைப்பட்டது, அந்த மாதங்களுக்குச் சாப்பாடு.

அரிசியிலிருந்து கொஞ்சம் நகர்த்தினார்கள். பெருநாள் உடுப்பை அழித்தார்கள். கறன்ட் காசைக் குறைக்க முடியாது. என் உம்மா தன் காப்பைக் கழற்றப் போனார், சாச்சி கையைத் தட்டிவிட்டார். எப்படிப் பிரித்தாலும் காணவில்லை. எல்லாக் குவியலும் இடம் மாறின, ரின் மட்டும் அப்படியே இருந்தது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்க்காமல் இருப்பதற்குப் பட்ட பாடு!

கடைசியில் சாச்சியே இழுத்துத் திறந்தார். அவ்வளவு வருஷத்து பஸ் டிக்கட், தேத்தண்ணி, சோற்றுப் பார்சல். அடியில் கிடந்த தாள்கள் இப்போது கடையில் காணக் கிடைக்காத பழைய தாள்கள். ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நகத்தால் பிரித்தார்.

"அவர் வரட்டுமெண்டு வச்ச காசு. அவர் இல்லையெண்டு இருந்து நான் திங்கப் போறன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ராத்தா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

எங்கள் மார்க்க நீதவான் காதியாரிடம் போனார்கள். அவர் விசாரித்து, ஆள் மவுத்தானதாகவே எடுக்கலாம் என்று முடிவு சொன்னார். சாச்சி கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே இத்தா.

அறைக்குத் திரை போட்டோம். ராத்தா வேலைக்குப் போவதால் வாசல் கேற் என் பொறுப்பு. கேற் சத்தம் கேட்டால் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"யாரு புள்ள?"

"மீன்காரர்."

"எந்த மீன்காரர்? நல்லாப் பாத்தியா?"

"பாத்தன் சாச்சி. கண் ரெண்டு, மூக்கு ஒண்டு, சூரை நாலு."

முதல் கிழமை இப்படித்தான் வாயடித்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அந்தக் கேற்றைச் சாச்சி தன் கையாலேயே திறந்து, வந்தவர் முகத்தைத் தானே பார்த்தவர். இப்போது ஆம்பிளைக் குரல் கேட்டால் உள்ளே போக வேண்டியவர். அவர் பார்க்க முடியாத நாளில்தான் அந்த ஆள் வந்து நின்றுவிடுவாரோ என்று அந்தக் குரலில் இருந்தது. அதற்குப் பிறகு வந்தவரின் உயரம், நடை, நிறம் எல்லாம் சொல்லத் தொடங்கினேன்.

நேற்றுப் பகல் கேற் தட்டியது.

"யாரு?"

"மீட்டர் பாக்கிறவர், சாச்சி. புது ஆள். ஐம்பது, ஐம்பத்தைஞ்சு வயசிருக்கும்."

அது சாச்சாவின் வயசு என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. திரை அசையவில்லை.

நான் திரும்பக் கேற்றடிக்குப் போனேன். "அண்ணன், உங்கட பேர் என்ன?"

"சுபாஸ்கரன்."

"ஊர்?"

"ஆலையடிவேம்பு. ஏன் தங்கச்சி?"

"சும்மாதான். கொஞ்சம் வெளிச்சத்தில வந்து நில்லுங்களன்."

மனுசன் ஒன்றும் விளங்காமல் நிழலை விட்டு வெயிலுக்கு வந்தார். தொப்பியையும் கழற்றச் சொன்னேன், கழற்றினார். நெற்றி, காது, நாடி, கை விரல் என்று நான் அவசரப்படாமல் பார்த்தேன். ஒருவரை அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு திரையடிக்கு வந்தேன்.

"அவர் இல்ல, சாச்சி."

இந்த வளவில் சாச்சியிடம் அந்த ரெண்டு சொல்லை ஒருவரும் அதுவரை வாயால் சொன்னதில்லை. உள்ளே பாய் சரசரத்தது.

"சரி புள்ள. வெயிலுக்க நிப்பாட்டி வச்சிருக்காத அந்த மனுசன. தண்ணி குடுத்து அனுப்பு."