விதை மூட்டைக்குப் பின்னால் ரத்தினசாமி

எங்கள் வடகரப்பதி மண்ணில் விளைந்த நிலக்கடலையைத் தின்றவர் ஒருவரும் நூறு வயதுக்கு முன்னால் செத்ததில்லை. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். என் மாமனார் நாள் தவறாமல் தின்றார்; அறுபத்திரண்டில் போய்ச் சேர்ந்தார். ஆனாலும் அந்தக் கடலை உடம்புக்கு நல்லது என்பதில் பொய்யில்லை. நல்லது என்று ஒரு டாக்டர் தம் வாயால் சொல்லப்போய்த்தான் என் தம்பி ரத்தினசாமி ஒரு வருஷத்து வெள்ளாமையையே தின்று தீர்த்தான்.

அவனுக்கு வேறு கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. கள்ளைத் தொடமாட்டான், சீட்டைத் தொடமாட்டான், வேலையையும் அதிகம் தொடமாட்டான். இருந்ததெல்லாம் ஒரு நாக்கு. அவன் கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையைக் காணவில்லை. பெண்ணைப் பிடிக்காமல் ஓடிவிட்டான் என்று பெண் வீட்டார் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். நான் யாரையும் கேட்கவில்லை, நேரே சமையல் கொட்டகைக்குப் போனேன். கச்சாயம் சுட்டு அடுக்கியிருந்த கூடைக்குப் பக்கத்தில், பட்டு வேட்டியில் எண்ணெய் சொட்ட, இரண்டு கன்னமும் உப்பலாக நின்றுகொண்டிருந்தான். "பாகு பதம் சரியான்னு பாத்தனுக்கா" என்றான். பதம் பார்க்க அவனுக்குப் பதினேழு கச்சாயம் வேண்டியிருந்தது. தாலி முடிச்சுப் போட்ட விரல் கழுத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது என்று அவன் பெண்டாட்டி கருப்பாத்தாள் பல வருஷம் சொல்லிக் காட்டினாள்.

இப்படியே ஐம்பது வயது வரை தின்றான். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ராஜ்யம், எங்கள் பாலக்காட்டுப் பக்கம் ஒரு ராஜ்யம் என்று பாஷை பார்த்துக் கோடு போட்டார்களே, அதற்கு மறு வருஷம் தை மாதத்தில், அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கருப்பாத்தாள் கண்டாள். சர்க்கரை வியாதி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பன் அதே வியாதியில் காலை இழந்து, பிறகு உயிரையும் இழந்தவர். அன்றைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு அவனைப் பாலக்காட்டுக்கு பஸ் ஏற்றினாள்.

டாக்டர் கல்பாத்தித் தெருக்காரர். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, இவன் கொடுத்த நீரில் எட்டுச் சொட்டு விட்டு, விளக்குத் தீயில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, கடைசியில் சூளையிலிருந்து எடுத்த செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"எத்தனெ நல்ல கலரு!" என்று என் தம்பி எங்களைப் பெருமையாகப் பார்த்தான்.

"ஓய், இது பாத்து சந்தோஷப்படற வர்ணம் இல்லே" என்றார் டாக்டர். "இனிமே சர்க்கரை, வெல்லம், அல்வா ஒண்ணும் உம்ம கிட்டே வரப்படாது. ராத்திரியிலே பசிச்சா ஒரு பிடி நிலக்கடலையை நன்னா மென்னு தின்னுட்டுப் படுத்துக்கோரும். உடம்புக்கு நல்லது. ஒரு பிடிதான், அதுக்கு மேலே கூடாது."

அத்தனை சொன்னார் மனுஷர். பஸ் வேலந்தாவளம் வந்து சேர்வதற்குள் என் தம்பி காதில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"கேட்டயாக்கா? கடலெ ஒடம்புக்கு நல்லதாமா."

"ஒரு பிடின்னும் சொன்னாருடா."

"அவரு கையி சின்னதுக்கா" என்றான்.

ஆனால் உடனே கடலைக்கு வந்துவிடவில்லை. அல்வா அவ்வளவு சுலபமாக விடுமா? வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்பவன் கையும் வாங்குபவன் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்து அழுத்தி விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிற நாலு பேருக்கும் ஒன்றும் தெரியாது. உழவுக்கு எருது பார்க்க வேண்டும் என்று இவன் சந்தைக்குக் கிளம்பினான். கருப்பாத்தாளும் கூடவே போனாள். தலைக்கயிறு வாங்க அவள் அந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், இவன் ஒருவரோடு துண்டுக்கடியில் கையை விட்டுக்கொண்டு நின்றுவிட்டான். எதிரே நின்றவர் அல்வாக் கடை முகம்மது குட்டி. அந்த மனுஷர் தம் ஆயுளில் ஒரு கன்றுக்குட்டி கூட விற்றவரில்லை.

கருப்பாத்தாள் போய்த் துண்டைத் தூக்கினாள். இவன் உள்ளங்கையில் அரை ராத்தல் அல்வா நெய் வடிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, இந்த மாட்டுக்கு எத்தனெ பல்லுங்க?" என்று கேட்டாள்.

சந்தையே சிரித்தது. முகம்மது குட்டி கையைத் துடைத்துக்கொண்டு, "என்னெக் குத்தம் சொல்லாதே தங்கச்சி. வெல பேசற மாதிரி நில்லுன்னு இவருதான் சொன்னாரு" என்று நழுவிவிட்டார்.

அன்றோடு சந்தை நின்றது. வெல்லம் மரப்பெட்டிக்குள் போயிற்று, சாவி கருப்பாத்தாள் இடுப்புக்குப் போயிற்று, கருப்பட்டிப் பானை என் வீட்டுக்கு வந்தது. ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு கணக்காக ஒரு பிடிக் கடலையை அவள் கையாலேயே கொடுப்பாள். அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பெரிய தவசியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு படுப்பான். ஊரெல்லாம் அவனுடைய மனக்கட்டுப்பாட்டைப் பற்றியே பேச்சு. பேசியது பெரும்பாலும் அவன்தான்.

இங்கே விதைக் கடலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு இருந்தது இரண்டு ஏக்கர் மேட்டுக் காடு. வானம் பெய்தால்தான் விளைச்சல். கார்த்திகையில் கடலை பிடுங்கியதும், நல்ல காயாகப் பொறுக்கி, காயவைத்து, தோலோடு நாலு மூட்டை கட்டுவார்கள். வாயைக் கோணூசியால் தைத்து, தையலின் மேல் சாணி பூசி, வேப்பங்கொத்துச் செருகி, உள்ளறையில் பலகை போட்டுச் சுவரோடு சாத்தி வைப்பார்கள். ஆடி மழை விழுந்து விதைக்கிற நாள் வரை அதன் வாயை அவிழ்ப்பதில்லை. பஞ்சத்தில் பசியோடு படுத்தவர்கள் உண்டு, விதை மூட்டையின் வாயை அவிழ்த்தவர்கள் கிடையாது. அந்த நாலு மூட்டையும் மண்ணுக்குள் போனால்தான் மறு வருஷம் அடுப்பு எரியும். எண்ணெய், துணி, வரி, இவனுடைய டாக்டர் எல்லாமே அதற்குள்தான் இருந்தது.

என் தம்பியும் மூட்டையின் வாயை அவிழ்க்கவில்லை. அடியை அவிழ்த்தான்.

சுவர்ப் பக்கமாக, யார் கண்ணுக்கும் படாத மூலையில், இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தையலைப் பிரித்தான். வீடு தூங்கியதும் எழுந்து போய் மூட்டைக்குப் பின்னால் குந்திக்கொள்வான். பச்சைக் கடலையைப் பொறுமையாக மென்றால் கடைசியில் ஒரு இனிப்பு வரும். அந்த இனிப்பு வருகிற வரை மெல்லுவான். வந்ததும் அடுத்ததை எடுப்பான். மருந்துதானே, அதிகம் தின்றால் வியாதி சீக்கிரம் போகும் என்று மனதுக்குள் ஒரு வக்கீலையும் வைத்திருந்தான். தின்றது போக மிஞ்சிய தொலியை என்ன செய்வது? வாசலில் கொட்டினால் விடிந்ததும் குட்டு உடைந்துவிடும். அதனால் திரும்ப மூட்டைக்குள்ளேயே போட்டான். அதுவும் சும்மா போடவில்லை. காயை நீளவாட்டில் பிளந்து, பருப்பை எடுத்துக்கொண்டு, இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தி, காய் போலவே ஆக்கிப் போட்டான். வாழ்நாளில் அவன் சிரத்தையாகச் செய்த ஒரே வேலை இதுதான். பிறகு கோணூசியால் தைத்துவிட்டு வந்து படுப்பான். மூட்டை இளைக்கவில்லை. இளைக்க வேண்டியவனும் இளைக்கவில்லை.

சித்திரையில் டாக்டரிடம் மறுபடி போனோம். குழாய் மஞ்சளில் நின்றது. "இனிப்பை விட்டிருக்கீர், தெரியறது. ஆனா ஆள் இளைக்கணுமே, எப்படி ஓய் பெருத்தீர்?" என்று டாக்டர் வயிற்றைப் பார்த்தார்.

"நிம்மதிங்க" என்றான் என் தம்பி.

ராத்திரி உள்ளறையில் 'டொக்கு, டொக்கு' என்று சத்தம் கேட்பதாக நான் போய்த் தங்கிய நாளில் சொன்னேன். "எலிக்கா" என்றான். கருப்பாத்தாள் எலிப்பொறி வைத்தாள், சுட்ட தேங்காய்ச் சில்லை அதில் மாட்டினாள். காலையில் பார்த்தால் பொறி திறந்தபடியே இருந்தது, சில்லைக் காணோம். இரண்டு கையாலும் பொறியைப் பிடித்துக்கொண்டு தேங்காயைக் கழற்றுகிற எலி எங்கள் ஜில்லாவிலேயே அது ஒன்றுதான்.

ஆடி இரண்டாம் வாரம் மழை விழுந்தது. நல்ல மழை, ஏர் போனால் சால் நனைந்து வரும். எங்கள் மேட்டு மண்ணில் அந்த ஈரம் மூன்று நாள் நின்றால் அதிகம். அதற்குள் விதைத்தாக வேண்டும், விதைக்கக் காயை உரித்தாக வேண்டும். ராசம்மாள் என்கிற வேலைக்காரி ஐந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் வந்துவிட்டாள். கடலை உரிக்க உட்காரும் பெண்கள் வாய் ஓயாமல் பாட வேண்டும் என்பது என் தம்பி போட்ட சட்டம். பாடுகிற வாய் தின்னாதாம். பாட்டு ஒரு நிமிஷம் நின்றால், "ஆரது வாயில போட்டது?" என்று பட்டாளத்துக்காரன் போல வருவான். அன்றைக்கு அவன் காட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான். ஏர்க்காரர்களைப் பார்க்கப் போனதாகச் சொன்னான்.

கருப்பாத்தாள் சூடம் காட்டி முதல் மூட்டையின் வாயை அவிழ்த்தாள். பெண்கள் பாட்டை எடுத்தார்கள். ராசம்மாள் ஒரு காயை எடுத்து நசுக்கினாள், உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று, அதுவும் அப்படியே. ஒரு பிடி அள்ளி மொத்தமாக நசுக்கினாள், தூசிதான் பறந்தது. பாட்டு நின்றது. இரண்டாம் மூட்டையைக் கவிழ்த்தார்கள், மூன்றாவதைக் கவிழ்த்தார்கள். நாலாவது மூட்டையில் மேலே ஒரு சாண் மட்டும் கடலை இருந்தது. அவன் இன்னும் அவ்வளவு தூரம் ஏறி வரவில்லை.

ஆள் விட்டு இவனைக் கூட்டி வந்தார்கள். தொலிக் குவியலுக்கு முன்னால் வந்து நின்றவனை ராசம்மாள் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க பண்ணாடி, உரிக்கற வேலயெ எங்களுக்கு வெக்காம நீங்களே முடிச்சுப்போட்டீங்களே! இன்னைக்குக் கூலி உங்களுக்குத் தாரதுங்களா, எங்களுக்குத் தாரதுங்களா?"

"எலி..." என்று ஆரம்பித்தான்.

"எலிதானுங்க. மீசெ வெச்ச எலி. தின்னுபோட்டு மூடியும் வெச்சிருக்குது பாருங்க. எலிக்குக்கூட இத்தனெ ஒழுக்கம் வந்திருச்சு."

ஐந்து பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "பண்ணாடி பாடீட்டே தின்னிருந்தா இத்தனெ போயிருக்காதுங்க" என்றாள். நானும் சிரித்தேன், அக்காளாக இருந்தால் என்ன, சிரிப்பு வந்தால் சிரிக்க வேண்டியதுதானே? கருப்பாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. சூடத்தட்டைக் கையில் பிடித்தபடி சிலை போல நின்றாள், பாவம். பிறகு பெண்களுக்குக் கம்மங்கூழ் ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். இவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குத்தான் இவன் பயந்தான்.

விதைக்கு எங்கே போவது? மழை எல்லோர் காட்டிலும்தான் பெய்திருந்தது. ஆளாளுக்குத் தன் விதையைத் தானே உரித்துக்கொண்டிருந்தார்கள். என் தம்பி அன்று பகல் முழுக்க வீடு வீடாகப் போய் நின்றான். "கடலயா? நீ திங்கறதுக்கா, வெதைக்கறதுக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், வேலந்தாவளம் வரை கதை அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாம் நாள் வெயில் அடித்தது. அவன் காட்டு வரப்பில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளிப் பார்த்தான். ஈரம் இறங்கிக்கொண்டே போயிற்று. அன்று ராத்திரி என் தம்பி ஒன்றும் தின்னவில்லை. அந்த ஒரு பிடியைக் கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பிறந்ததிலிருந்து அவன் வேண்டாம் என்று சொன்ன முதல் பண்டம் அதுதான்.

மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் கருப்பாத்தாளின் அண்ணன் வண்டி வாசலில் வந்து நின்றது. வண்டியில் ஒரு சிறிய மூட்டை. பிரித்தால் ஆமணக்கு விதை. எங்கள் பக்கத்தில் கொட்டமுத்து என்போம்; விளக்கெண்ணெய் ஆட்டுகிற அதே விதை. ஒன்றிரண்டு வாயில் போனால் போதும், விடிய விடியச் சொம்பும் கையுமாகக் காட்டுக்கு ஓட வேண்டியதுதான். பொழுது சாய்வதற்குள் இரண்டு ஏக்கரும் கொட்டமுத்து விதைத்தாகிவிட்டது. அந்த வருஷம் அது நன்றாகவே விளைந்தது. விதைக்கென்று கட்டிய மூட்டை அதே உள்ளறையில், அதே சுவரோரம், தையல் கலையாமல் மறு ஆடி வரை இருந்தது. என் தம்பி அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. டாக்டரின் குழாயும் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பியது.

அந்த வண்டி சொல்லி வைத்தாற்போல அன்றைக்கு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மூட்டை காலியானது கருப்பாத்தாளுக்குக் கவிழ்த்துக் கொட்டுகிற வரை தெரியாது. அண்ணனுக்கு ஆள் அனுப்பவும் இல்லை. தெய்வமாகப் பார்த்து அனுப்பிய விதை என்றுதான் இந்தக் கதையை எழுதி முடித்தேன். முடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த கருப்பாத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அரிவாள்மணையை நகர்த்தி வைத்தாள்.

"தெய்வமுமில்லெ கிய்வமுமில்லீங்க நங்கை. எனக்கு மாசியிலயே தெரியும். சாணி மொழுகறக்கு மூட்டெயெ நகத்தினேன், ஒத்தக் கையில வந்துது. அன்னைக்கே எங்கண்ணங்கிட்டச் சொல்லி உட்டுட்டேன், ஆடி மழெ பேஞ்ச மூணா நாளு கொட்டமுத்தோட வந்து நில்லுன்னு. கடலயெத் தடுத்தா இவரு மறுக்காவும் அல்வாவுக்குப் போயிருவாரு, எங்கப்பனாட்டம் காலெ வெட்டோணும். காடு ஒரு வருசம் கடலெ இல்லாமக் கெடந்தா கெடக்கட்டும்னுதான் திங்க உட்டேன். தெரியாதுன்னு மட்டும் எழுதாதீங்க."