சினையாட்டுத் தீனி

கொட்டாஞ்சேனையில் ஒரு மாட்டுத்தீனிக் கடையில் இப்போது மூட்டை இறக்குகிறேன். ஈரம் பட்ட புண்ணாக்கு மணத்தால் அத்தையின் சேலை நினைவுக்கு வரும்.

அப்பாவின் அக்கா அவர். வெள்ளவத்தையில் எங்களோடு இருந்தார். சினை ஆடுகளுக்கு என்ன தீனி கொடுப்பது என்று ஆராய்வதே அவருடைய உத்தியோகம். மாலையில் அந்த மணத்தோடு வந்து, அப்பாவுடன் முதலில் சாப்பிட உட்காருவார்.

"கடைசி மாதங்களிலதான் தீனியைக் கூட்ட வேணும், தம்பி. இல்லாட்டிக் குட்டி பெலனில்லாமல் பிறக்கும்."

"அக்கான்ர ஆடுகள் எங்களைவிட நல்லாச் சாப்பிடுதுகள்" என்று அப்பா சிரிப்பார்.

ஏழு மாத வயிற்றோடு அம்மா அவர்களுக்குப் பரிமாறுவார். எல்லோரும் எழுந்த பிறகு பானையைச் சுரண்டிச் சாப்பிடுவார். எங்கள் வீட்டு வழக்கம் அது. அவருக்குச் சோறு போதாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

தங்கச்சி மிகச் சிறியதாகப் பிறந்து, ஒரு கிழமைக்குள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த அன்று அத்தை தன் தட்டில் சோறு போட்டு அம்மாவிடம் நீட்டினார். "முதல்ல நீர் சாப்பிடும்."

"இப்ப என்னத்துக்கு, மச்சாள்?" என்றார் அம்மா.

ஓய்வு பெறும்வரை அத்தை ஆடுகளையே ஆராய்ந்தார். வீட்டில் அந்த வேலையைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

முதலாளியின் மனைவி மதியச் சோறு போட வந்தால், பானையில் அவருக்கும் சோறு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் தட்டை நீட்டுகிறேன்.