எங்கள் சர்டிபிகேட்டை நிறுத்திவைத்த ஜரீனா அக்கா

ஜரீனா அக்கா போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் போன் செய்தாள். எழுந்து டீ போட்டிருக்கிறார். நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

செஞ்சியில் நான் நடத்தும் கடலை மிட்டாய் கம்பெனி உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே பேக்கிங் முழுவதும் அக்காவின் பொறுப்பு. ஆரம்பித்த நாளிலிருந்து இருந்தவர். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிற சிரிப்பு.

முதல் நாள் எல்லோரையும் உட்காரவைத்து நான் ஒரு பிரசங்கம் செய்தேன். நாம் வெறும் மிட்டாய் விற்க வரவில்லை, விவசாயிக்கு நியாயமான விலை, வேலை செய்பவர்களுக்கு மரியாதை, சாப்பிடுகிறவரிடம் நேர்மை... அரை மணி நேரம் இருக்கும். கடைசியில் ஏதாவது கேள்வி உண்டா என்றேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஃபேன் எப்ப மாட்டுவீங்க?"

மறுநாள் மாட்டினேன்.

சில வருஷம் கழித்து பெங்களூரில் ஒரு பெரிய கடையிலிருந்து கேட்டார்கள். உங்கள் மிட்டாய் பிடித்திருக்கிறது, ஆனால் நேர்மையாகத் தொழில் செய்கிறீர்கள் என்று சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். அதைத் தரும் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டோம். பக்கம் பக்கமாகக் கேள்விகள். எல்லாம் ஆங்கிலம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்வேன், எல்லோரும் பதில் சொல்வார்கள்.

"முதலாளியைப் பத்தி பயமில்லாம குறை சொல்ல முடியுதான்னு கேக்குறாங்க."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அதான் தினம் சொல்லினு இருக்கோமே. சொல்லாத நாள் இருந்தா அத எழுது."

அந்தச் சிரிப்பு அடங்கவே ரொம்ப நேரம் ஆனது.

அதே வருஷம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வல்லம், சிங்கவரம் பக்கமெல்லாம் வேர்க்கடலை... எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை... பிடுங்குவதற்கு முன்பே மண்ணுக்குள் முளைத்துவிட்டது. எங்களுக்குச் சரக்கு இல்லை. நான் வெளி மாவட்ட வியாபாரி ஒருவரிடம் வாங்கி ஓட்டினேன்.

எங்கள் பாக்கெட்டில் பெரிய எழுத்தில் ஒரு வரி உண்டு. 'செஞ்சி மண்ணில் விளைந்தது மட்டும்.' அதை நான் மாற்றவில்லை. ஒரு சீசன்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

சர்டிபிகேட்டுக்காக சென்னையிலிருந்து ஆடிட்டர் வந்தார். வேலை செய்பவர்களைத் தனித்தனியாக, நான் இல்லாமல் பார்க்க வேண்டும் என்றார். ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். ஜரீனா அக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். சரி, வேலை முடிந்தது என்று எனக்குச் சந்தோஷம்.

ஆடிட்டர் வெளியே வந்து பாக்கெட்டைக் கையில் எடுத்தார். "சார், இந்த வரி உண்மையா?"

வெளி மாவட்டக் கடலை என்று ஒப்புக்கொண்டேன்.

சர்டிபிகேட் நின்றது. எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு அடுத்த வருஷம் வரச் சொல்லிவிட்டார். பெங்களூர் ஆர்டர் போய்விட்டது.

அக்காவிடம் நான் மூன்று நாள் பேசவில்லை. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. நாலாவது நாள் அவரே என் ரூமுக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, மூஞ்ச தூக்கி வெச்சினு இருக்கிற?"

"ஏன்க்கா சொன்னீங்க?"

"மல்லாட்ட எங்கிருந்து வருதுன்னு அவரு கேட்டாரு. நான் சொன்னேன். தினம் கையில அள்ளுறவளுக்கு எது நம்மூரு மல்லாட்டன்னு தெரியாதா? பொய் சொல்லணும்னா முன்னாடியே சொல்லி இருக்கணும். அன்னிக்கு நான் லீவு போட்டிருப்பேன்."

கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "நீ நல்லவன்னு நெனச்சுதான் அவருகிட்ட சொன்னேன்" என்றார்.

மிச்சம் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன்.

மிச்சமிருந்த பாக்கெட்டுகளில் அந்த வரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது என்று முடிவு செய்தோம். என்ன போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்காதான் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 'மழையால் எங்கள் ஊரில் விளைச்சல் இல்லை. இது வெளியூர்க் கடலை. முன்பே சொல்லாததற்கு மன்னிக்கவும்.'

மூன்று நாள் நானும் பேக்கிங்கில் உட்கார்ந்து ஒட்டினேன். கோணலாக ஒட்டியதையெல்லாம் அக்கா ஒரு பக்கமாக எடுத்துவைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். "பாருங்க, எங்க மொதலாளி கைவேலை!"

அடுத்த வருஷம் நல்ல விளைச்சல். அதே ஆடிட்டர் வந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த அம்மா இருக்காங்களா?"

சர்டிபிகேட் கிடைத்தது. கீழே இருக்கும் போட்டோ அன்றைக்கு எடுத்ததுதான். நடுவில் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஜரீனா அக்கா. திருப்பிப் பிடிக்கச் சொன்னதற்கு, "எடுக்குறவரு வேணும்னா தலைகீழா நிக்கட்டும்" என்றார். அதனால்தான் போட்டோவில் எங்கள் எல்லோருக்கும் வாய் காது வரைக்கும் இருக்கிறது.

இன்று கம்பெனியைப் பூட்டிவிட்டோம். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். எல்லோரும் வேனில் கிளம்பிக்கொண்டிருக்கிறோம்.

காலையில் போனை வைப்பதற்கு முன் அவர் மகள் கேட்டாள். "சார், அம்மா அங்க உங்கள ரொம்ப திட்டுமா?"

"தினமும்மா" என்றேன்.

"வீட்ல ஒரு நாள்கூட உங்கள விட்டுக்கொடுத்துப் பேசினதில்ல சார்."

போய் வாங்கக்கா...