சில்வண்டுக்கு அப்புறம் ஒரு சினிமாப் பாட்டு

மைதீன் பாய் இன்னைக்குக் காலையில தவறிட்டார். சாயங்காலமே மேலப்பாளையத்துல அடக்கம் முடிஞ்சது... இப்பதான் வீட்டுக்கு வந்தேன்.

இங்கே நிறைய பேருக்கு அவரைத் தெரிஞ்சிருக்காது. தொண்ணூறுகள்ல பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தார். பிடிச்ச பாட்டு எல்லாம் எழுதிக் கொடுத்தா கேசட்ல பதிஞ்சு தர்ற கடை. கல்யாண வீடுகளுக்கும் மைக்கைத் தூக்கிக்கிட்டுப் போய் ரெக்கார்ட் பண்ணிக் கொடுப்பார்.

எனக்கு அப்போ எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருஷம். முக்கூடல் பக்கம் எங்க ஊர்க் குளத்துல பங்குனி மாசம் கேட்கிற பறவை, பூச்சி சத்தங்களைப் பதிவு பண்றதுதான் ப்ராஜெக்ட்.

நல்ல மிஷின் பாய்கிட்டதான் இருந்தது. வாடகைக்குக் கேட்டேன். அதைத் தனியா எங்கயும் அனுப்பற வழக்கம் இல்ல, நானும் கூட வருவேன்னுட்டார்.

விடியக்காலை சுபுஹு தொழுதுட்டு மொபெட்ல வந்துடுவார். பறவை பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கிற ஆசையும் கிடையாது.

ஹெட்போனை மாட்டிக்கிட்டு, செண்பகத்துக்கு பேஸ் நல்லா இருக்குன்னுவார். ஆள்காட்டிக் குருவிக்கு ட்ரெபிள் ஜாஸ்தியாம். செல் வீக் ஆயிட்டா கழட்டி மொபெட் சீட் மேல வெயில்ல காய வைப்பார்.

சிக்கல் எனக்குத்தான். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால பேர், இடம், நேரம் சொல்லியே ஆகணும்னு எங்க கைடு உத்தரவு போட்டிருந்தார். எனக்கு என் பேரே வாயில வராது.

திக்குவாய்... 'ப'வுல மாட்டினா அவ்வளவுதான். பஸ்ல பாளையங்கோட்டைன்னு கேட்க முடியாம, ஜங்ஷன்னு டிக்கெட் எடுத்து, அங்கன இறங்கி, ஆத்துப் பாலம் தாண்டி காலேஜுக்கு நடந்தே போன ஆள் நான்.

வீட்லயும் வகுப்புலயும் என் வார்த்தையை அவங்களே முடிச்சு வச்சிடுவாங்க. பாசத்துலதான். ஆனா ப்ராஜெக்ட் முடிஞ்சா வைவா இருக்கே... வெளியூர்ல இருந்து வர்ற எக்ஸாமினர் முன்னாடி வாயைத் திறக்கணுமே. அதுக்குப் பயந்தே படிப்பை விட்டுடலாம்னு இருந்தேன்.

முதல் நாள் குளத்தங்கரை. மைக் முன்னாடி "ப... ப..."ன்னு நிக்கிறேன். டேப் ஓடிக்கிட்டு இருக்கு. நீங்களே சொல்லிடுங்க பாய்னு கையைக் காட்டினேன்.

அவர் ஹெட்போனைக்கூட கழட்டல.

"அது உம்ம பேருல்லா. பைய, நிதானமா சொல்லும்வே... டேப்பு நெறைய கெடக்கு."

சொல்லிட்டுத் தண்ணிப் பக்கம் திரும்பிக்கிட்டார். நான் பரமசிவன்னு சொல்லி முடிக்கிற வரைக்கும் டேப் ஓடுச்சு. முடிச்சதும் பாராட்டெல்லாம் ஒண்ணும் இல்ல. அடுத்து என்ன, தவளையான்னு கேட்டார்.

அந்தப் பங்குனி முழுக்க இப்படித்தான். நாமக்கோழி வாயைத் திறக்க எப்படிக் காத்திருந்தாரோ அப்படியே எனக்கும் காத்திருந்தார். ஒரு நாள்கூட என் வார்த்தையை அவர் முடிக்கல.

பதிஞ்சதை எல்லாம் சேர்த்து வைவாவுக்கு ஒரே கேசட்டாப் போட்டுக் கொடுத்தார். போட்டுக் கேட்டுப் பார்க்கக்கூட எனக்கு நேரம் இல்லை. அப்படியே கொண்டு போயிட்டேன்.

வைவா அன்னைக்கு ரூம்ல கேசட் ஓடுது. செண்பகம்... ஆள்காட்டி... சில்வண்டு. எக்ஸாமினர் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இருக்கார். சில்வண்டு நின்னுச்சு. உடனே வயலினும் டிரம்ஸுமா ஒரு டூயட் ஆரம்பிச்சது.

கடை வழக்கம்ங்க அது. கேசட் கடைசியில இடம் மிச்சம் இருந்தா பாய் சும்மா விடமாட்டார், ஒரு பாட்டைப் போட்டு நிரப்பித்தான் கொடுப்பார். காலி டேப் கொடுத்தா வாடிக்கைக்காரர் மனசு குறைபடுமாம். எனக்கும் அந்த மரியாதையைச் செஞ்சிருக்கார்.

கைடு முகம் செத்துப் போச்சு. எக்ஸாமினர் சிரிச்சு சிரிச்சு, கண்ணைத் துடைச்சுக்கிட்டே, உன் பேர் என்னப்பான்னு கேட்டார்.

"ப..." மாட்டிக்கிச்சு. அவர் முன்னால இருந்த பேப்பரைப் பார்த்துட்டு, பரமசிவன்தானேன்னார்.

"இல்ல சார்... நானே சொல்லுதேன்."

எனக்கு எங்க இருந்து அந்தத் தைரியம் வந்ததோ... இல்ல, எங்க இருந்துன்னு நல்லாத் தெரியும். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்தது. நான் என் பேரைச் சொன்னேன். அப்புறம் குளத்தைப் பத்தி, திக்கித் திக்கி, முழுசாச் சொன்னேன்.

பாஸ் ஆனதைச் சொல்லக் கடைக்கு ஓடினேன். பாய் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்... பாட்டைக் கேட்டாங்களா? கேட்டாங்க பாய்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னைக்கு நான் வாத்தியார். நாள் முழுக்கப் பேசுறதுக்குத்தான் சம்பளம். திக்கு இன்னும் போகல, ஆனா இப்பல்லாம் போக வேண்டிய இடத்துக்குத்தான் டிக்கெட் எடுக்கிறேன். இதுக்கு உங்களுக்குத்தான் பாய் நன்றின்னு எத்தனையோ தடவை அவர்கிட்டயே சொல்லியிருக்கேன். போம்வேன்னு அனுப்பி விட்டுடுவார்.

இன்னைக்கு அவர் வீட்டு வாசல்ல கூட்டம். சவூதியில இருந்து லீவுல வந்திருந்த சின்ன மகனுக்கு என்னை அடையாளம் தெரியல. நீங்க யாருன்னு கேட்டான்.

"ப..." அழுகை வேற. வரவே இல்லை. உள்ளே பாயை வச்ச சந்தூக்கைத் தூக்க அவனைக் கூப்பிடுறாங்க. அந்த நேரத்துலயும் அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பதறாம, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்னான்.

வாப்பா வளர்த்த பிள்ளை.

பைய போங்க பாய்...

பரமசிவன் சொல்லுதேன்.