காப்புக் கட்டிய கை

“அடியில்லாத கூடையில பந்தப் போட்டா அது எங்கலே நிக்கும்?” என்று அப்பா கேட்டதும், அண்ணன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்ததும் அப்படியே நினைவிருக்கிறது. அறுபதுகளின் கடைசி. மதுரையில் கல்லூரியில் சேர்ந்து முதல் விடுமுறைக்கு வந்திருந்தான். எங்கள் பரளச்சியில் கூடைப்பந்து என்றால் யாருக்கும் தெரியாது. பருத்திக் காட்டில் நெடுநெடுவென்று நின்று ஊராரிடம் கேலி வாங்கியவனை, அந்த உயரத்துக்காகவே பி.டி. மாஸ்டர் ஆட்டத்துக்கு இழுத்துக்கொண்டாராம். ஒட்டடை அடிக்கத்தான் லாயக்கு என்று தங்கை நானே சொல்லியிருக்கிறேன்.

அவன் ஆடி நான் பார்த்தது ஒரே முறைதான். அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் போட்டி நடந்தது. அப்பா என்னையும் கூட்டிப் போனார். வீட்டில் கையும் காலும் எதிலாவது இடித்துக்கொண்டே திரிகிறவன், அங்கே பந்தோடு எழும்பியபோது வேறு ஆளாக இருந்தான். அப்பாவுக்கு ஆட்டத்தின் கணக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் அந்த உயரமான பையன் யார் என்று கேட்க, “நம்ம பயதான்” என்றார். அப்பா அப்படி ஒரு குரலில் பேசி அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

அவனுடைய கடைசி வருடத்தில், மெட்ராஸில் ஒரு கம்பெனி தன் அணிக்கு ஆள் எடுக்கப்போவதாக மாஸ்டர் சொன்னார். தேர்வானால் நிரந்தர வேலை. அடுத்தடுத்து மழை பொய்த்து, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த காலம் அது. வீட்டுக்கு இருந்த ஒரே வழி அவன்தான். மெட்ராஸிலிருந்து அழைப்பு வந்தால் அவன் காப்புக் கட்டி அக்கினிச்சட்டி எடுப்பான் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அழைப்பும் வந்தது. தேர்வு சித்திரையில் என்றார்கள். பங்குனித் திருவிழாவுக்கு வந்து அண்ணன் சந்தோஷமாகவே காப்புக் கட்டிக்கொண்டான். கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு.

மறுநாளே அவனோடு ஆடும் மதுரைப் பையன் ஒருவன் பஸ்ஸில் வந்து இறங்கினான். தேர்வைச் சித்திரைக்கு முன்பே வைத்துவிட்டார்கள், உடனே கிளம்ப வேண்டும் என்று மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா ஊர்ப் பெரியவர்களிடம் ஓடினார். அவர்கள் தடுக்கவில்லை. “போறதுன்னா போகட்டும். நாளைக்கு மழை பேயலைன்னு யாரும் பேசுனா எங்களக் கேக்கப்படாது” என்றார்கள். அதைவிடத் தடுத்திருக்கலாம். அம்மா அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்கால பஸ் வந்து நின்றது. “ஒரு மஞ்சக் கயிறுடா. அத்துப் போட்டுட்டு ஏறு” என்று அந்தப் பையன் கெஞ்சினான்.

“அம்மா இந்த ஊர்லதானடா இருக்கணும்” என்றான் அண்ணன். பஸ் அந்தப் பையனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

அண்ணன் சட்டி எடுத்தான். மழை வரவில்லை. எங்களை யாரும் குறை சொல்லவில்லை, அது ஒன்றுதான் மிச்சம். மெட்ராஸில் ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். அதன் பிறகு மாஸ்டர் கைகாட்டிய இடத்துக்கெல்லாம் போய்ப் போய்த் திரும்பி வந்தான். இப்போது அதே ஊரில் காப்புக் கட்டிய பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்த் தங்கிவிட்டு வருகிறார்கள், ஏன் என்று கேட்க ஆளில்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த பங்குனியில் அம்மா மறுபடியும் நேர்ந்துகொண்டாள். இந்த முறை மெட்ராஸ், கம்பெனி என்றெல்லாம் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஏதோ ஒரு வேலை, அவ்வளவுதான். பூசாரி கயிற்றோடு வந்தபோது அண்ணன் கையை நீட்டினான். ஆனி மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி ஆலையில் வேலை கிடைத்தது. லாரியில் லோடு ஏற்ற வேண்டும். உயரமான ஆள், மேல் அடுக்குக்குத் தரையில் நின்றே மூட்டையை ஏற்றிவிடுவான் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

அன்றைக்கு அம்மா கோயிலில் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்து, அண்ணன் நெற்றியில் திருநீறு பூசினாள். “கேட்டதக் குடுத்துட்டாய்யா ஆத்தா” என்றாள். அண்ணன் அவளுக்கு எட்டும்படி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.