தவம் அண்ணையின் கழுத்தில் நான்கு திறப்புகள்

வழக்கமாக அரண்மனை, பூந்தோட்டம், கடற்கரை என்று எழுதும் நான், இந்த முறை குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஓர் ஆலைக்குப் போய் வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இப்படியான ஆலைகளில் நம் ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஆலையைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் அழைப்பு வரலாம்.

என் கணவர் குகனுக்குத் துப்புரவு ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை ஆலையை நிறுத்துவார்கள். அப்போது கொதிகலனுக்குள் இறங்கி, சுவரில் இறுகிப்போன சாம்பலை உடைத்து எடுப்பது இவர்களின் பொறுப்பு. அந்த நாட்களில் எனக்கு நித்திரை வராது. உள்ளே ஆள் நிற்கும்போது யாராவது தெரியாமல் இயந்திரத்தைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், "சும்மா பயப்பிடாதை" என்பார். இந்தப் பதிலைக் கேட்டுப் பயம் தெளிந்த மனைவி யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இந்த வசந்த காலத்தில், வேலை தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை, அரசாங்கத்தின் தொழில் ஆய்வாளரும் ஆலை நிர்வாகமும் சேர்ந்து தொழிலாளர்களின் குடும்பங்களை அழைத்திருந்தார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது நான்தான்.

பாரிசில் மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். அதாவது நான் புறப்பட்டேன். குகன் பயண அட்டையை மறந்து ஒருமுறை மாடியேறினார், குடையை மறந்து இன்னொரு முறை ஏறினார். இது எங்கள் வீட்டில் தினசரி நடப்பது. 12ஆம் இலக்க மெட்ரோவில் சென்-லசார், அங்கிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் ஆர்ஜொந்தெய். மாதாந்த அட்டை இல்லாதவர்களுக்கு மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் சேர்த்து இரண்டரை யூரோ. அந்தப் பயணச்சீட்டு பஸ்சில் செல்லாது, அதற்குத் தனியாக இரண்டு யூரோ. பிறகு பஸ்சில் இருபது நிமிடம். ஆலையின் பெயரை எழுதுவதில்லை என்று குகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பஸ் சாரதியிடம் எங்கே இறங்குவது என்று பிரெஞ்சில் கேட்டேன். "சனிக்கிழமையில் அங்கே என்ன பார்க்கப் போகிறீர்கள்?" என்றார். என் கணவர் வேலை செய்யும் இடம் என்றேன். "அப்படியென்றால் நல்ல இடம்தான்" என்று சொல்லி வாசலுக்குக் கிட்டவே நிறுத்திவிட்டார்.

வாசலில் அடையாள அட்டை பார்த்தார்கள். அழகுக்காகச் செருப்புப் போட்டுப் போயிருந்த எனக்கு இரண்டு அளவு பெரிய சப்பாத்துச் சோடி ஒன்றைத் தந்தார்கள். தலைக்கவசமும் மஞ்சள் அங்கியும் வேறு. குகன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கொதிகலன் ஆறு மாடிக் கட்டடம் மாதிரி நிற்கிறது. அதற்குள் போகும் வழியோ ஒரு ஆள் குனிந்து நுழையும் துவாரம். அதன் இரும்பு விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"இதுக்குள்ளயோ போறனீங்கள்?"

"ஓம். உள்ளுக்குப் பெரிசு" என்றார் குகன். இத்தனை வருடம் இவர் சட்டையைத் தோய்த்திருக்கிறேன், இந்தத் துவாரத்தைப் பார்த்ததில்லை.

ஆய்வாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. ஆலையின் பாதுகாப்பு அதிகாரி நெட்டையான மனிதர். இருவரும் ஒரே பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் ஆய்வாளர் வந்தால் ஆலை குறைகளை மறைக்கும், கண்டுபிடித்தால் அவர் தண்டம் போடுவார் என்று குகன் சொல்லியிருக்கிறார். இப்போது ஓர் உடன்பாடு. வேலை தொடங்குமுன் இரு தரப்பும் சேர்ந்து பார்ப்பார்கள், குறை தெரிந்தால் சேர்ந்தே திருத்துவார்கள், திருத்தும் வரைக்கும் ஒருவரும் உள்ளே இறங்கக் கூடாது.

பிறகு பூட்டுப் பெட்டியைக் காட்டினார்கள். இயந்திரங்களை நிறுத்திப் பூட்டிய சாவியை ஒரு சிவப்புப் பெட்டிக்குள் வைப்பார்கள். உள்ளே இறங்கும் ஒவ்வொருவரும் அந்தப் பெட்டியில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டு, அதன் சாவியைத் தன்னோடு கொண்டுபோவார். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் திறக்கும் வரை பெட்டி திறக்காது, இயந்திரமும் ஓடாது. எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. என் கணவரின் உயிர் அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கிறது!

குகனும் அவர் குழுவில் இருந்த மற்ற மூவரும் பூட்டுப் போட்டுக் காட்டினார்கள். ஆய்வாளர், "இப்போது உங்கள் சாவிகளைக் காட்டுங்கள்" என்றார்.

குகன் பையைத் தடவவே இல்லை. நேரே தவம் அண்ணையைப் பார்த்தார். தவம் அண்ணைதான் அந்தக் குழுவில் மூத்தவர். குகனுக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவர் கழுத்திலிருந்த கயிற்றை வெளியே இழுத்தார். அதில் நான்கு திறப்புகளும் தொங்கின. (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: சாவியைத்தான் நாங்கள் திறப்பு என்போம்.)

ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்த நிறுவன முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. தவம் திங்கட்கிழமை வரத் தேவையில்லை என்றார். ஆய்வாளர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "முதலில் ஏன் என்று கேட்போம்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அவர்களுடைய மொழியில் கேளுங்கள்." பாதுகாப்பு அதிகாரியும் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஏன் அண்ணையிட்டக் குடுத்தனீங்கள்?" என்று குகனைக் கேட்டேன்.

"நான் துலைச்சுப்போடுவன். அண்ணையிட்ட இருந்தாப் பத்திரம்."

தவம் அண்ணை மெதுவாகச் சொன்னார்: "நான்தான் கடைசியா வெளியில வாறனான், தங்கச்சி. எல்லாரும் வந்திட்டினமோ எண்டு பாத்துத்தான் நாலு பூட்டையும் திறக்கிறனான்."

நான் மொழிபெயர்த்தேன். பாதுகாப்பு அதிகாரி கோபப்படவில்லை. "அவர் பார்த்து எண்ணியபிறகு, யாராவது மறந்துவிட்ட பொருளை எடுக்க உள்ளே திரும்பிப் போனால்?" என்று மட்டும் கேட்டார்.

மறந்ததை எடுக்கத் திரும்பிப் போகிற ஆள் யாரென்று எனக்கல்லவா தெரியும்! அன்று காலையிலேயே இரண்டு தரம் போனவர் என் பக்கத்தில் நின்றார்.

திறப்பைத் திரும்பக் கேளுங்கள் என்று கண்ணால் காட்டினேன். குகன் நிலத்தைப் பார்த்தார். மற்ற இருவரும் அப்படியே. கேட்டால் அண்ணையை நம்பவில்லை என்று ஆகிவிடும். வேலை எடுத்துத் தந்த மனிதரிடம் அதை எந்த வாயால் கேட்பது? கேட்காமல் விட்டால் திங்கட்கிழமை அதே கயிறு, அதே கழுத்து.

நானே கை நீட்டினேன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இவரின்ர திறப்பைத் தாங்கோ."

அவர் முகம் வாடிவிட்டது. கயிற்றின் முடிச்சை அவிழ்க்க அவருக்கு நேரம் எடுத்தது. குகனின் திறப்பை என் உள்ளங்கையில் வைத்தார். மற்ற இருவருக்கும் அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். பிறகு தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"குறை ஒண்டும் இல்லைத் தங்கச்சி. நாலு பேரின்ர உயிரைக் கழுத்தில கொழுவிக்கொண்டு எனக்கும் எத்தினை நாளா நித்திரை இல்லை. அதை ஆரிட்டச் சொல்லுறது?"

இதை ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் தன் கோப்பியைத் தவம் அண்ணையிடம் நீட்டினார். அவரை வேலையிலிருந்து நிறுத்துவதில்லை என்று அங்கேயே முடிவானது. திங்கட்கிழமை ஒருவரும் இறங்காமல், தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு பயிற்சியை முதலிலிருந்து நடத்துவது, செலவு ஆலையுடையது, வந்து பார்ப்பது ஆய்வாளர். முன்பு பிரெஞ்சில் நடந்த பயிற்சியில் இவர்கள் எல்லாவற்றுக்கும் "வி, வி" (ஓம், ஓம்) என்று தலையாட்டியதை ஒருவரும் சந்தேகப்படவில்லையாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மூடிய சப்பாத்தும் அடையாள அட்டையும் கட்டாயம். சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை கிடையாது, நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பலில் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போங்கள். நாங்கள் பக்கத்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், தவம் அண்ணையும் வந்தார், பகிடி விட்டுச் சிரிக்க வைத்தார். பிரெஞ்சு தெரிந்த மனைவியோ மகளோ இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க வெட்கமான கேள்வியைச் சத்தமாகக் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் குகன் கொதிகலனுக்குள் இறங்கப் புறப்பட்டார். "போட்டு வாறன்" என்றார். "ஓம், வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன். கண் விழித்தபோது மணி ஒன்பது, எனக்கு வேலைக்குப் பிந்திவிட்டது.